இல்லாத முயலுக்குக் கீரை

1

இந்த வாரத்தோடு நாங்கள் ஜெர்மனிக்கு வந்து ஏழு வருடம் நிறைகிறது. கேசரியாவது கிண்டலாம் என்று ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். கீழே தபால் பெட்டியைத் திறக்கப் போன என் கணவர் ஒரு கடிதத்தோடு படியேறி வந்தார். எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் நிறுவனம் அனுப்பியது. எங்கள் வீட்டில் வளர்க்கப்படும் மூன்று முயல்களைப் பற்றிய விவரங்களை, இணைத்திருக்கும் படிவத்தில் நிரப்பி, இரண்டு வாரத்துக்குள் அனுப்ப வேண்டுமாம்.

எங்கள் வீட்டில் முயல் கிடையாது. மீன் தொட்டி கூடக் கிடையாது. பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. அதுவும் உயிரோடு இருக்கிறதா என்பது இந்தக் குளிர்காலம் முடிந்தால்தான் தெரியும்.

கடிதத்தை இரண்டாம் முறை படிப்பதற்குள் ரவை கருகிவிட்டது. இங்கே ரவை கருகினால் இரண்டு துக்கம். ரவை போயிற்றே என்பது ஒன்று. அதை எந்தத் தொட்டியில் போடுவது என்பது இன்னொன்று.

2

தொட்டிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருப்பவர்கள் இதை நம்புவதில்லை.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் நான்கு தொட்டிகள் நிற்கின்றன. காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக் உறைக்கு மஞ்சள், காய்கறிக் கழிவுக்குப் பழுப்பு, எதிலும் சேராததற்குக் கறுப்பு. தயிர் டப்பாவின் மூடியையும் டப்பாவையும் பிரித்துப் போட வேண்டும். தேநீர்ப் பொட்டலத்தில் இலை ஒரு பக்கம், நூலில் கட்டிய அட்டை ஒரு பக்கம். முதல் வருடம் புளிச்சக்கையை எதில் போடுவது என்று யாரைக் கேட்டும் தெரியவில்லை. புளி என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கறுப்புத் தொட்டி நிறைய நிறையக் கட்டணம் ஏறும். ஆக, கடையில் கொடுத்து வாங்கியதைத் தூக்கிப் போடவும் இங்கே கொடுத்தாக வேண்டும்.

நம் பேச்சில் மிச்சம் என்றால் எஞ்சியதும் அதுதான், சேமித்ததும் அதுதான். ஒரே சொல். என் அம்மாவுக்கு இரண்டும் ஒரே காரியமாகவும் இருந்தது. பீர்க்கங்காயின் தோல் துவையலாகும், பரங்கிக்காயின் குடல் கூட்டாகும், வடித்த கஞ்சியில் உப்புப் போட்டால் அது ஒரு வேளை. எங்கள் வீட்டில் குப்பை என்றால் அடுப்புச் சாம்பல் மட்டும்தான், அதுவும் பாத்திரம் தேய்க்கப் போய்விடும்.

நான் ஒரு பள்ளிச் சமையலறையில் பகுதி நேரமாக வேலை பார்க்கிறேன். மதியம் பரிமாறியது போக எஞ்சிய சோற்றை, கை படாத சோற்றை, விதிப்படி கொட்டிவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். காவிரியில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தையும் மேட்டூரையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தவளுக்குச் சோற்றைக் கவிழ்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். முதல் வாரம் அழுதேன். இப்போது அழுவதில்லை, அந்த வேலையை யாராவது செய்யட்டும் என்று கழிப்பறைக்குப் போய்விடுகிறேன்.

அந்தக் கோபமெல்லாம் சேர்ந்துதான் என்னைக் காய்கறிக் கடையின் அட்டைப் பெட்டியில் கொண்டுபோய் விட்டது. சூப்பர் மார்க்கெட்டில் நூக்கல் இலையோடு வரும். நல்ல இளம் இலை, பனித்துளி காயாத பச்சை. வாங்குகிறவர்கள் அந்த இலையைத் திருகி, அலமாரிக்குக் கீழே இருக்கும் அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வெறும் கிழங்கை எடுத்துப் போவார்கள். முள்ளங்கி இலையும் அப்படியே. இரண்டடி தள்ளி, வாடிப்போன கீரையைப் பிளாஸ்டிக் பையில் அடைத்துக் கைப்பிடி அளவுக்கு ஒரு விலை வைத்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

ஒருநாள் கடைப்பெண்ணிடம் கேட்டேன். எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்குத் தொட்டிச் செலவு குறையும் என்றாள். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டில் கீரை. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு, பூண்டு தட்டிப் போட்டுக் கடைசல், மிஞ்சினால் அடை மாவில் நறுக்கிப் போடுவது. கணவருக்கு இது பிடிக்கவில்லை. மருந்து ஆலையில் தரப் பரிசோதனை வேலை அவருக்கு. திருப்பனந்தாள் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம்.

"நான் சம்பாதிக்கலையா? அந்தப் பொட்டியில போய் ஏன் கைய விடுற? யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்றார்.

"கீரை எடுக்கிறான்னு நெனைப்பாங்க. வேற என்னத்த நெனைக்கிறது?"

"ஒன்கிட்ட பேச முடியுமா? நீ புடிச்ச முயலுக்கு மூணே காலு."

இந்தப் பழமொழி இப்படி வீடு தேடி வரும் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

3

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவர்கள் மகள் லேனா, என் மகள் கயலின் வகுப்பிலேயே சேர்ந்திருக்கிறாள். கயலுக்குப் பதின்மூன்று வயது. வந்தபோது ஆறு. இத்தனை வருடத்தில் அவள் தானாக வாய்விட்டு ஒரு பெண்ணைத் தோழி என்று சொன்னது இப்போதுதான். அதை நான் தெரிந்துதான் வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பெட்டியில் குனிந்து நூக்கல் இலையைக் கட்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றவர் லேனாவின் அம்மா. நல்ல பெண்மணி, எப்போதும் சிரித்த முகம். வணக்கம் சொல்லிவிட்டு, என் பையைப் பார்த்து ஏதோ கேட்டார். "வீட்டுக்கா?" என்று கேட்பதாக என் காதில் விழுந்தது. இவர்கள் பேச்சில் வீட்டுக்கு என்பது "ஹௌஸ" என்று வரும்.

"ஆமாம், ஆமாம்" என்றேன்.

"எத்தனை?" என்றார்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறார் போல. "மூன்று" என்றேன்.

"அடடா, எவ்வளவு இனிமை!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

மூன்று பேர் குடும்பத்தில் இவருக்கு என்ன இனிமை என்று எனக்குப் புரியவில்லை. சின்னக் குடும்பம் சீரான குடும்பம் என்று நம் ஊர்ச் சுவரில் எழுதியிருப்பதை இவர்களும் நம்புகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன். அவரும் தம் நூக்கலின் இலையைத் திருகி என் பையிலேயே வைத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் கேட்டது "ஹாஸன்". அதாவது முயலுக்கா என்று.

மொழியில் இப்படி நான் விழுவது புதிதில்லை. வந்த புதிதில் கயலின் பள்ளி ஆசிரியையிடம், "என் பெண் வீட்டில் நன்றாகச் சாப்பிடுவாள்" என்று சொல்லப் போய், "நன்றாகத் தீனி தின்பாள்" என்று சொன்னேன். ஜெர்மனில் மனிதர் சாப்பிட்டால் எஸன், மிருகம் தின்றால் ஃப்ரெஸன். எழுதும்போது இரண்டாவதற்கு முன்னால் இரண்டெழுத்து கூடும், அவ்வளவுதான். நாமும் கோபம் வந்தால் பிள்ளையை, "வந்து தின்னுட்டுப் போ" என்போமே, அந்த வித்தியாசம். ஆசிரியை சிரிப்பை அடக்கியபோது ஆறு வயதுக் கயல் என்னைப் பார்க்காமல் தன் ஷூவைப் பார்த்தாள். அவள் எழுதப் படிக்கத் தேறியதிலிருந்து என் கடிதங்களையெல்லாம் அவள்தான் பென்சிலால் திருத்துகிறாள். வங்கியோ, விசாவோ, பல் மருத்துவரோ, எங்கள் வீட்டுக் கர்ணம் அவள். திருத்தும்போது பெருமூச்சு விடுவாள். திருத்தாமல் விட்டதில்லை.

4

அடுத்த திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்த கயல் பையைக் கூட இறக்கவில்லை.

"அம்மா, நம்ம வீட்ல மூணு முயல் இருக்குன்னு லேனாவோட அம்மாகிட்ட சொன்னியா?"

நடந்ததைச் சொன்னேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"சரி விடு. தப்பா வெளங்கிக்கிட்டேன், அந்தக் கீரை நாங்க சமைக்கத்தான்னு நாளைக்கி லேனாகிட்ட சொல்லிடு."

"சொல்ல முடியாது."

"ஏன்?"

"நான் பேர் சொல்லிட்டேன். மிலா, புரூனோ, இட்லி."

முயலுக்கு இட்லி என்று பெயர் வைக்கத் தெரிந்த குழந்தை, இட்லியைக் கண்டால் முகம் சுளிக்கும் குழந்தை. நான் கோபத்தில், "எதுக்குடி பொய் சொன்ன?" என்று கேட்டேன். அவள் தமிழிலிருந்து ஜெர்மனுக்குத் தாவினாள். தாவினால் சண்டை பெரிது என்று அர்த்தம். முயலுக்குப் போடுவதை எங்கள் வீட்டில் சாப்பிடுகிறோம் என்று வகுப்பில் எப்படிச் சொல்வது என்றாள். ஏற்கெனவே தன் டப்பாவைத் திறந்தால் பெருங்காய வாசனை என்று ஜன்னலைத் திறக்கிறார்கள் என்றாள். அன்று இரவுச் சாப்பாட்டில் கூட்டுக் கிண்ணத்தை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினாள். அதன்பிறகு எந்தக் கீரையையும் அவள் தொடவில்லை.

லேனா முயலைப் பார்க்க வருகிறேன் என்றாள். கயல் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் சொன்னாள். முயலுக்கு உடம்பு சரியில்லை, மருந்து போட்டிருக்கிறது, பயந்த சுபாவம். போன வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தால் எங்கள் வாசலில் ஒரு பெரிய சாக்கு. உள்ளே காய்ந்த புல். மேலே லேனாவின் அம்மா எழுதிய சீட்டு: "மிலா, புரூனோ, இட்லி மூவரும் சீக்கிரம் குணமாகட்டும்."

டெல்டாவில் பிறந்து வளர்ந்து, ஏழு கடல் தாண்டி வந்து, மூன்றாவது மாடியில் என் வாசலில் ஒரு சாக்கு மாட்டுத் தீனி. இதை எந்தத் தொட்டியில் போடுவது? குப்பையைக் குறைக்கக் கிளம்பியவள் வீட்டில் குப்பை கூடியதுதான் மிச்சம்.

நான் வருவதற்கு முன்பே அந்தச் சாக்கை இன்னொருவர் பார்த்துவிட்டிருந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர். படிக்கட்டில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தாலும் மேலிடத்துக்குத் தெரிவிக்கிறவர். புல்லையும் சீட்டையும் பார்த்து அவர் தெரிவித்ததன் பலன்தான் அந்தக் கடிதம்.

5

படிவம் நான்கு பக்கம். விலங்கின் வகை. எண்ணிக்கை. பெயர் இருந்தால் பெயர். கூண்டின் நீள அகல உயரம். அழுக்கான புல்லை எந்தத் தொட்டியில் போடுகிறீர்கள். பக்கத்து வீட்டாருக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்டீர்களா. எல்லாம் இருக்கிறது, "எங்களிடம் விலங்கு இல்லை" என்று குறிக்க மட்டும் இடமில்லை. எண்ணிக்கை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால் கூண்டின் அளவு என்ன எழுதுவது?

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்டேன். பிறகு ஒரு பெண் எடுத்தார்.

"எங்கள் வீட்டில் முயல் இல்லை" என்றேன்.

"அப்படியா. எப்போதிலிருந்து இல்லை?"

"எப்போதுமே இல்லை."

"ஆனால் மூன்று என்று குறிப்பு இருக்கிறதே. புல் வந்திருக்கிறது. இலைகள் வாங்குவதாகவும் சொல்கிறார்கள்."

"இலை எங்களுக்கு."

"அப்படியென்றால் அதை விளக்கமாக எழுத்தில் அனுப்புங்கள்" என்றார். இந்த நாட்டில் இல்லாததையும் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும்.

எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கடிதம் போவது அலுவலகத்துக்கு, செய்தி வருவது எங்கள் படிக்கட்டுக்கு. ஹவுஸ்மைஸ்டருக்குத் தெரிந்தால் மாலைக்குள் கீழ்வீட்டுக்குத் தெரியும். மறுநாள் வகுப்புக்குத் தெரியும். கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என் கையைப் பிடித்தே வெகு நாளாயிற்று.

"மூணும் செத்துப்போச்சுன்னு எழுதும்மா. ப்ளீஸ். நாம அதைச் சாப்பிடறோம்னு மட்டும் எழுதாத."

கணவர் அவருக்கு ஏற்ற வழி சொன்னார். "பேசாம மூணுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இல்லாத முயலு யாரக் கடிக்கப்போவுது?"

ஒருத்தி முயலைக் கொல்லச் சொல்கிறாள், ஒருவர் வளர்க்கச் சொல்கிறார். கீரையை ஆய்ந்து சமைத்துப் போட்டவள் நான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கத்தினேன். கத்திவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவைச் சாத்திய பிறகுதான் மாடு ஞாபகத்துக்கு வந்தது.

6

எங்கள் ஊர் பூதலூருக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் நடுவில். அப்பா அம்மா இருவரும் அப்போது வயல்கூலி. நடவு, களை, அறுப்பு. நான் எட்டாவது படிக்கும்போது என் சிநேகிதி ரமா. அவள் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, பூதலூர் ஸ்டேஷன் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். வெள்ளைச் சாக்ஸ் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வரும் ஒரே பெண். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்ததே எனக்குப் பெரிய கௌரவம்.

சந்தை கலைகிற நேரத்துக்கு அம்மா போவார். முள்ளங்கி விற்பவர்கள் திருகிப் போட்ட இலையை மடி நிறைய அள்ளி வருவார். ஒருநாள் ரமாவும் நானும் அந்த வழியாக வந்தபோது அம்மா தரையில் குந்தி இலை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அது ஒங்க அம்மாதானே? என்ன பண்றாங்க?" என்றாள் ரமா.

"மாட்டுக்கு" என்றேன்.

எங்களுக்கு மாடு கிடையாது. ஆடு கூடக் கிடையாது. என் வாயிலிருந்து ஒரு மாடு நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றுகொண்டது.

அடுத்த மாதம் மார்கழி பிறந்தது. கோலத்து நடுவில் சாணி உருண்டை பிடித்துப் பூசணிப்பூ வைக்க வேண்டும். குவார்ட்டர்ஸில் சாணிக்கு எங்கே போவார்கள்? ஒரு சாயங்காலம் ரமா எங்கள் தெருவுக்கே வந்துவிட்டாள், கையில் ஒரு சின்ன வாளியோடு.

"அத்தை, ஒங்க மாட்டுச் சாணி கொஞ்சம் வேணும். அம்மா கேட்டாங்க."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இரண்டு நொடிதான் இருக்கும்.

"மாட்ட இப்ப இங்க கட்டலம்மா. செனையா இருக்கு, எங்க சித்தி ஊட்டுக் கொட்டில்ல கெடக்கு. நாளைக்கிச் சாயங்காலம் வா, எடுத்து வெக்கிறேன்" என்றார்.

எங்கள் ஊரில் நாங்கள் போய்ச் சாணி கேட்கக்கூடிய வீடு ஒன்றுதான் இருந்தது. அம்மா முன்பு வேலை பார்த்த பண்ணை வீடு. அந்த வீட்டு அம்மாள் ஒருநாள், "மாட்டுக்குப் போடுறத மனுசன் திம்பானாடி?" என்று எங்கள் கீரையைப் பார்த்துக் கேட்டதிலிருந்து அம்மா அந்தப் படி மிதிப்பதில்லை. அந்த வீட்டுக்குத்தான் மறுநாள் விடியலில் போனார். சாணி சும்மா கிடைக்கவில்லை. கொட்டிலைக் கூட்டி அள்ளிப்போட்டுவிட்டு ஒரு வாளி எடுத்துக்கொள் என்றார்கள். ரமா மார்கழி முப்பது நாளும் வந்தாள். அம்மா முப்பது நாளும் கொட்டில் கூட்டினார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம் கூட.

7

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவுக்கு வீடியோவில் பேசினேன். குத்தகைக்கு எடுத்த இரண்டு மா நிலத்தில் சம்பா அறுத்துவிட்டு, பின்னாலேயே உளுந்து தெளித்திருக்கிறார்கள் அவரும் தம்பியும். பனி சரியாக இறங்கவில்லை என்ற கவலையில் இருந்தார். நான் முயல் கதையைச் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"ஒனக்குப் பொறந்தது வேற எப்புடி இருக்கும்? நீ மாடு கட்டுன, அவ முயல் கட்டுறா."

"அம்மா, அந்த முப்பது நாளும் ஒனக்கு எம்மேல கோவம் வரலியா?"

"எதுக்குக் கோவம்? நீ மானத்துக்கு அஞ்சுன. எனக்குத் தெரியாதா?"

"இல்ல, அந்த வூட்டுல போயி..."

"சாணி அள்ளுனது எனக்கு ஒண்ணுமில்ல. கைய கழுவுனாப் போச்சு. ஆனா நீ அதுலேருந்து கீரையத் தொடல பாரு, அதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஊருக்குச் சொன்ன பொய்ய நீ சோத்துலயும் நம்பிட்ட. மாட்டோட தீனின்னே வெச்சுட்ட."

உண்மைதான். திருமணமாகி இங்கே வந்து, கைப்பிடிக் கீரைக்கு அந்த விலையைப் பார்த்த பிறகுதான் நான் மறுபடி கீரை சாப்பிட ஆரம்பித்தேன். அதற்கு இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

"நான் என்ன எழுதட்டும்?" என்றேன்.

"அத ஏங்கிட்ட கேக்குற? எனக்கு அந்த ஊரு பாஷையா தெரியும்?" என்றவர், வயலுக்கு நேரமாயிற்று என்று போனை வைத்துவிட்டார்.

8

அன்று மதியம் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். அகராதியைப் பார்க்கவில்லை. எங்களிடம் முயல் எதுவும் இல்லை. கடையில் மற்றவர்கள் வேண்டாம் என்று போடும் நூக்கல் இலையை நான் கேட்டு எடுத்து வருகிறேன். அதைப் பருப்போடு சமைக்கிறோம். நாங்கள் மூன்று பேர் சாப்பிடுகிறோம். புல் ஒரு தவறான புரிதலால் வந்தது, அதைப் பால்கனிச் செடிக்குப் போட்டுவிட்டேன். இப்படிக்கு.

கயலைக் கூப்பிட்டேன். "இதத் திருத்திக் குடு."

படித்தாள். முகம் சிவந்தது. "நான் சொன்னேன்ல, எழுதாதன்னு?"

"சொன்ன. நான் உள்ளத எழுதியிருக்கேன். நீ முயல் வளத்தது தப்புன்னு நான் சொல்லல. நானும் ஒன் வயசுல ஒரு மாடு வளத்தேன்" என்று ஆரம்பித்து, மாட்டுக் கதையை முழுக்கச் சொன்னேன். ரமா, வாளி, முப்பது நாள், எல்லாம். சாணி என்றால் அவளுக்குப் புரியவில்லை, அதற்கு ஜெர்மனில் சொல் தெரியாமல் தடுமாறினேன். அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். கதை முடிந்தது. அவள் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கடிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் திருத்தாமல் விட்ட முதல் கடிதம் அது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் மேலா, படிவத்தின் மேலா, தெரியவில்லை. ஒரு பிள்ளைக்குத் தன் தாய் சமைத்ததைச் சாப்பிடுகிறோம் என்று சொல்ல வாய் வராத ஓர் இடத்துக்கு நானேதான் அவளைக் கூட்டி வந்தேன். யார் மேல் கோபப்படுவது? பாத்திரம் கழுவினேன். கறுப்புத் தொட்டிப் பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். திரும்ப வரும்போது கீழ்வீட்டு வாசலில் கயல் நிற்பதைப் பார்த்தேன். லேனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று என் காதில் விழவில்லை. என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். லேனா சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. நான் பார்க்காதவள் போல் மேலே ஏறி வந்துவிட்டேன்.

மேஜை மேல் கடிதம் இருந்த இடத்திலேயே இருந்தது. உறையில் போடலாம் என்று எடுத்தேன். ஓரங்களில் பென்சில் குறிகள் இருந்தன. அங்கங்கே ஒரு காற்புள்ளி, ஒரு பெரிய எழுத்து. வழக்கமான திருத்தங்கள்தான். லேனாவிடம் இறங்கிப் போவதற்கு முன்பே வந்து போட்டிருக்கிறாள்.

நான்காவது வரியில் மட்டும் கோடு அழுத்தமாக விழுந்து தாள் லேசாகக் கிழிந்திருந்தது. அங்கே, நாங்கள் மூன்று பேரும் அந்தக் கீரையைச் சாப்பிடுகிறோம் என்ற இடத்தில், நான் மிருகத்துக்கான ஃப்ரெஸன் என்று எழுதியிருக்கிறேன். அவசரமா, ஆத்திரமா, எனக்கே தெரியவில்லை.

கயல் முன்னால் நின்ற இரண்டு எழுத்தை அடித்திருந்தாள்.